அரவேணுவில் ஒரு பாலஸ்தீனச் சுவர்

“ஒட்டகம் எத்தனை போடட்டுங்க?”

ஏணியின் மேல்படியிலிருந்து அந்தோணி கேட்டார். கீழே மூன்று பேர் அண்ணாந்து நின்றோம். எங்கள் மன்றத்தின் தலைவர் போஜன், செயலாளராகிய நான், பாலஸ்தீனத்துக்காரனான சமீர். கோத்தகிரிப் பக்கமிருந்து மூட்டம் இறங்கிக்கொண்டிருந்ததால் அந்தோணிக்கு இடுப்பு வரைதான் உருவம் இருந்தது. கேள்வி மட்டும் அசரீரி மாதிரி மேலேயிருந்து வந்தது.

“ஒட்டகம் வேண்டாமுங்க,” என்றான் சமீர்.

“ஒண்ணுகூடவா?”

“எங்க ஊர்ல கழுதைதானுங்க.”

மூட்டத்துக்குள் பிரஷ்ஷை டப்பா விளிம்பில் தட்டும் ஓசை கேட்டது. மனம் நொந்தால் அந்தோணி அப்படித்தான் தட்டுவார்.

“தம்பி, நான் இருவது வருசமா பாலஸ்தீனம் வரையறவன். ஒட்டகம் இல்லாத பாலஸ்தீனத்தை இன்னிக்குத்தான் கேள்விப்படறேன்.”

அவர் சொன்னது பொய்யில்லை. குன்னூரில் போர்டு எழுதுகிறவர் அவர். டீத்தூள் விளம்பரம், ‘நாய்கள் ஜாக்கிரதை’, கண்ணீர் அஞ்சலித் தட்டி எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்து, ஒரே நிழல். ஆனால் டிசம்பர் வந்துவிட்டால் அவர் வேறு ஆள். மாதா கோயிலில் குடிலுக்குப் பின்னால் தொங்கும் பெத்லகேம் திரை முழுக்க அவர் கைவேலை.

அந்தப் பெத்லகேமில் பனி கொட்டும். வீடுகளுக்குப் பின்னால் தெரிவது சாட்சாத் நம்முடைய கோத்தகிரி ரங்கசாமி மலை. மூன்று ராஜாக்களும் கற்பூர மரக் காட்டுக்குள் புகுந்துதான் வருவார்கள். குளிருக்கு மூவருக்கும் மப்ளர் உண்டு. வருஷா வருஷம் கேக் சாப்பிடப் போய் அதைப் பார்த்ததில், இயேசு பிறந்தது குன்னூரை அடுத்த வெல்லிங்டனுக்குக் கொஞ்சம் மேலே என்ற நம்பிக்கை எனக்கு வெகுநாள் இருந்தது.

இந்தத் தொடரில் உங்கள் பெயர் நல்லவிதமாக எங்காவது வருமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இந்த வாரம் வருகிறது. சுவரிலேயே வருகிறது. எவ்வளவு நேரம் இருந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது.

சர்க்கார் ஒப்புதலுடன் ஒரு புரட்சி

அப்போது எனக்குக் குன்னூரில் தேயிலை ஏலத் தரகர் ஆபீஸில் வேலை. பகலில் டீத்தூள் மாதிரிகளுக்குச் சீட்டு ஒட்டுவேன். சாயங்காலம் உலகத்தைத் திருத்துவேன். திருத்துகிற இடம் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. எங்கள் ‘உலக சமாதான இலக்கிய மன்ற’த்தின் படிப்பகம். கீழே வர்க்கி வேகும். மேலே நாங்கள் கொதிப்போம். இன்றைக்கும் யாராவது ஏகாதிபத்தியம் என்று சொன்னால் எனக்கு முதலில் வெண்ணெய் வாசனைதான் வரும்.

தலைவர் போஜன் இத்தலார் கிராமத்துக்காரர். உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் போடுகிறவர். நெஞ்சில் ஈரம் அதிகம். அந்த ஈரத்தை உடனே தீர்மானமாக்கிவிடுவார். நாங்கள் நிறைவேற்றாத தீர்மானம் இல்லை. உலகத் தலைவர்களுக்குத் தந்தி அடிப்போம். பதில் வராது. அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வோம்.

பாலஸ்தீனத்தை ஆதரிப்பதில் எங்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. மத்திய சர்க்காரும் அதை ஆதரித்தது. தபால்தலைகூட வெளியிட்டிருந்தார்கள். நாக்கால் நக்கி ஒட்டக்கூடிய புரட்சிக்குப் போலீஸ் எங்கே வரும்? போலீஸ் வராத கூட்டத்துக்கு ஜனம் எங்கே வரும்? கூட்டத்தில் நாங்களும் பேக்கரிப் பூனையும் இருப்போம். அதுவும் வர்க்கி ஆறும் வரைதான்.

இப்படி நாங்கள் எதிரியில்லாமல் வாடியிருந்த ஒரு மே மாதத்தில்தான் சமீர் படியேறி வந்தான்.

“ஏனுங்க, பேப்பர் படிச்சாச்சுங்களா?”

குரல் நம்ம பொள்ளாச்சிக்காரன் குரல். ஆள் நல்ல சிவப்பு, சுருட்டை முடி, பூனைக்கண். பேசியவனைத் தேடி போஜன் அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

கோயமுத்தூரில் என்ஜினீயரிங் படித்திருந்தான். வெயில் தாங்காமல் மலையேறி வந்தவன். தமிழை ஹாஸ்டல் மெஸ்ஸில் கற்றிருந்ததால் மரியாதை இல்லாத ஒரு வார்த்தைகூட அவனுக்குத் தெரியாது. தன் ஊரில் குண்டு போட்டவர்களைக்கூட ‘போட்டாங்க’ என்றுதான் சொன்னான்.

சுவரைப் பார்த்து வளர்ந்தவன்

எங்களுக்கு ஒரு நிஜப் பாலஸ்தீனத்துக்காரன் கிடைத்துவிட்டான். உடனே அவனை உட்காரவைத்து அவன் நாட்டைப் பற்றி நாங்கள் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டான். பிறகு அவனும் கொஞ்சம் சொன்னான்.

அவன் பிறந்தது லெபனானில் ஓர் அகதி முகாமில். அப்பா கலிலேயாவில் ஒரு மலைக்கிராமத்திலிருந்து சின்ன வயதில் துரத்தப்பட்டவர். முகாம் சந்தில் மாவு வைக்கிற அறை ஒன்று இருந்தது. அதன் பக்கச் சுவரில் தாத்தாவும் அப்பாவும் ஊர்க்காரர்களும் சேர்ந்து விட்டுவந்த கிராமத்தை வரைந்திருந்தார்கள். அப்பா அவனைத் தினமும் அதன் முன்னால் நிறுத்துவாராம். இது நம்ம வீடு, படிக்கட்டு வெளிப்பக்கம் இருக்கிறது பார். இது கிணறு. இது முசுக்கொட்டை மரம், அதன் அடியில் இருக்கிற கல்லில் உன் தாத்தா உட்காருவார்.

“நான் ஊரைப் பாத்ததில்லீங்க. சுவத்தைத்தான் பாத்தேன். கண்ணை மூடிட்டு எந்த ஊட்டுக்குப் போகச் சொன்னாலும் போவேனுங்க.”

அவன் கோயமுத்தூருக்கு வந்த பிறகு ஒருநாள் அந்தச் சுவர்மேல் குண்டு விழுந்தது. யாரும் அதைப் போட்டோ எடுத்து வைக்கவில்லை. இப்போது முகாமுக்குத் தபாலும் போவதில்லை. போய் வருகிற மாணவர்கள் வாய்வழியாகச் சேதி கொண்டுவந்தால்தான் உண்டு.

“என் தலைக்குள்ள மட்டுந்தானுங்க இருக்கு. போன மாசம் கெணத்துக்கு மூடி இருந்துச்சா இல்லையான்னு யோசிச்சேன், வரலீங்க. ராத்திரி பூரா தூக்கமில்லை. இப்படியே ஒவ்வொண்ணா மறந்துட்டா ஊரே போச்சுங்களே.”

அவனுக்குப் படிப்பு முடிந்துவிட்டது. மழைக்காலத்துக்குள் குவைத்தில் இருக்கிற சித்தப்பாவிடம் போயாக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சுவர் வேண்டும். குண்டு விழாத ஊரில் ஒரு சுவர். தலைக்குள் இருப்பதை அதில் இறக்கிவைத்து, ஒரு போட்டோ எடுத்து, முகாமுக்குப் போகிற நண்பன் கையில் கொடுத்து அப்பாவிடம் சேர்க்க வேண்டும்.

போஜன் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “பழனிச்சாமி, எழுதுங்க. தீர்மானம்.”

முதல்முறையாக எங்கள் தீர்மானம் ஒன்றுக்கு உபயோகம் வந்தது.

ஒரு சுவர் தேவை

தமிழ்நாட்டில் சுவர் வீட்டைத் தாங்குவதற்காக மட்டும் எழுப்பப்படுவதில்லை. வெள்ளையடித்து, ஓரத்தில் கட்சிப் பெயரையும் இத்தனை ஆண்டு வரை என்பதையும் எழுதிவிட்டால், அதுவரை அந்தச் சுவர் அவர்களுடையது. வீட்டுக்காரர் உள்ளே குடியிருக்கலாம், தடையில்லை.

குன்னூர் முழுக்கச் சமீரைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். பஸ் ஸ்டாண்ட் சுவர், மார்க்கெட் சுவர், ரயில் பாதையை ஒட்டிய தடுப்புச் சுவர் எல்லாம் அடுத்த தேர்தல் வரைக்கும், அதற்கடுத்த தேர்தல் வரைக்கும் பிடிக்கப்பட்டிருந்தன. மிச்சமிருந்தவற்றில் நடிகர்களின் மன்றங்கள் இருந்தன.

“ஊட்டுக்காரங்களக் கேக்க மாட்டாங்களாண்ணா?”

“கேக்க மாட்டாங்க.”

“கேக்காமயே வந்து எழுதிக்குவாங்களா?”

“ஆமா.”

“அப்புறம் அவங்களோடதுன்னு சொல்லுவாங்களா?”

“ஆமாப்பா.”

அடுத்த சுவரையும் பார்த்துக்கொண்டே நடந்தான். “இது மட்டும் எனக்கு வெளக்கமே வேண்டாமுங்கண்ணா,” என்றான்.

கடைசியில் சுவர் அரவேணுவில் கிடைத்தது. செல்லையா என்பவரின் டீக்கடைக்குப் பக்கச் சுவர். ரோட்டைப் பார்த்தபடி, அகலமாக, எந்தக் கட்சியின் கண்ணிலும் படாமல் எப்படித் தப்பியதோ தெரியாது. செல்லையாவும் அவர் மனைவி புஷ்பமும் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். இந்திய, சிலோன் சர்க்கார்கள் இரண்டும் கையெழுத்துப் போட்டுக் கப்பலேற்றி அனுப்பிய லட்சக்கணக்கான பேரில் இரண்டு பேர்.

நான் சமீரின் கதையைச் சொன்னேன். செல்லையா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“தம்பிய ஊர விட்டுத் தொரத்திட்டாங்க, அப்படித்தானே?”

“ஆமாங்க,” என்றான் சமீர்.

“எங்கள ஊருக்குத் தொரத்துனாங்க.” மறுபடி ஆற்ற ஆரம்பித்தார். “தோட்டத்து லயத்துல பொறந்து, லயத்துலயே பிள்ளை பெத்தோம். அப்பல்லாம் இந்தியாக்காரன்னு சொன்னாங்க. இங்க வந்து எறங்குன அன்னிக்கே சிலோன்காரன் ஆயிட்டோம். சுவரத் தாராளமா எடுத்துக்குங்க.”

கடல்கடந்து தந்தி அடித்து உலக சமாதானம் பேசிய எங்கள் மன்றம், பதினைந்து மைலுக்குள் இருந்த செல்லையாக்களுக்காக ஒரு தீர்மானம்கூடப் போட்டதில்லை. அதை அவர் கேட்கவில்லை, டீதான் கொடுத்தார்.

கேட்டது புஷ்பம்தான். வேறொன்றைக் கேட்டார். “சுவர எடுத்துக்குவீங்க. எங்க டிரம்ம என்ன பண்றது?”

சுவரின் கீழ்மூலையில், இடது பக்கம், பஞ்சாயத்துக் குழாய் இருந்தது. அதன் கீழே ஒரு தார் டிரம். அரவேணுவில் தண்ணீர் நேரம் சொல்லிவிட்டு வராது. வந்தபோது டிரம் அங்கே இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் சரிவில் இறங்கித் தேயிலைக்குப் போய்விடும்.

டிரம் சுவரை மறைக்கும் என்றோம். படம் வரைகிற வரைக்கும் கொல்லைப்பக்கம் நகர்த்தி வைக்கலாம் என்றோம். நிலம் பறிகொடுத்தவர்களுக்காகத் தொடங்கிய எங்கள் இயக்கம் முதல் காரியமாக ஒரு டிரம்மை இடம்பெயர்த்தது.

“படம் முடிஞ்ச அன்னிக்கே டிரம் அதோட எடத்துக்கு வந்துரணும். சொல்லிட்டேன்,” என்றார் புஷ்பம். போஜன் வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுப்பதில் எங்கள் மன்றத்தை யாரும் மிஞ்ச முடியாது.

ஆலிவ் மரத்துக்குக் கவாத்து

ஒட்டகம் போனதை அந்தோணி ஒருவாறு ஜீரணித்துக்கொண்டார். கலிலேயா என்று கேட்டதும் அவருக்கு மறுபடி உயிர் வந்தது.

“கலிலேயாவா! அப்பக் கடல் வேணுமே. படகு, வலை, மீனு...”

“எங்க ஊர் மலைங்க. கடல் தூரமுங்க.”

“வேதத்துல கலிலேயாக் கடல்னு போட்டிருக்கு தம்பி.”

“இருக்குங்க. எங்க ஊட்டு வரைக்கும் வரலீங்க.”

ஆலிவ் மரத்தை எங்களில் யாரும் பார்த்ததில்லை. வெள்ளிச்சாம்பல் இலை, முறுக்கிய அடிமரம், வயசான மரம் என்று சமீர் கையால் திருகித் திருகிக் காட்டினான். அந்தோணி தலையாட்டிக்கொண்டே வரைந்தார். அடிமரம் அபாரமாக வந்தது. மேலே போகப் போக, காலமெல்லாம் டீக் கம்பெனி போர்டு எழுதிய கை தன் வேலையைக் காட்டியது. எல்லா மரமும் வெட்டிவிட்ட தேயிலைச் செடி மாதிரி தலை மட்டமாக, இடுப்பளவில் நின்றுவிட்டது.

சமீர் வெகுநேரம் பார்த்தான். “ஏனுங்க, இதுக்கு யாருங்க கவாத்துப் பண்ணுனது?”

அந்தோணி தலையை உயர்த்திப் போட முயன்றார். முயன்ற இடமெல்லாம் தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆகிவிட்டது. மட்டத் தலையே மேல் என்று சமீர் கைகூப்பிவிட்டான்.

ஆனால் மற்றவை வந்தன. எப்படி வந்தன என்று எனக்கு இன்றும் ஆச்சரியம். சமீர் ரோட்டோரம் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வான். “படிக்கட்டு இன்னும் கொஞ்சம் சரிவா... ஆமாங்க... மேல்படி ஒடைஞ்சிருக்குங்க.” அந்தோணி உடைப்பார். “சன்னல் நீலம். அதில்லீங்க, வெயில்ல வெளுத்த நீலம்.” அந்தோணி வெளுப்பார். சுவருக்கு வேர்த்தது, மூட்டத்தில் பெயிண்ட் காயவே இல்லை. செல்லையா கரி அடுப்பைத் தூக்கிவந்து சுவரோரம் வைத்தார். டர்பன்டைனும் கரிப்புகையும் கொதிக்கிற டீயும் சேர்ந்த வாசனையில், வீடு வீடாக ஒரு கிராமம் அரவேணுவுக்குக் குடிவந்தது. ஒருநாள் அவன் கண்ணைத் திறந்து பார்த்து, “கெணத்துக்கு மூடி இருந்துச்சுங்க!” என்று கத்தினான். டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர்கள் எதற்கென்று தெரியாமல் கைதட்டினார்கள்.

அந்த மூலை

கடைசியில் இடது பக்கக் கீழ்மூலை மட்டும் மிஞ்சியது.

“இங்க என்னங்க தம்பி?” என்றார் அந்தோணி.

சமீர் கண்ணை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான்.

“தெரியாதுங்க.”

“மறந்துபோச்சா?”

“பாத்ததே இல்லீங்க. அங்க டிரம் நின்னுச்சுங்க. சந்துல இருக்கறவங்க எல்லாத்துக்கும் தண்ணி டிரம். நான் பொறந்ததுல இருந்து அதை யாரும் நகத்துனதில்லை.”

புஷ்பம் கடைக்குள்ளிருந்து எங்களை ஒரு பார்வை பார்த்தார். அந்த முகாமில் எங்கள் மன்றத்துக்குக் கிளை இல்லாதது அதிர்ஷ்டம் என்று அந்தப் பார்வை சொன்னது.

மூலையை அப்படியே விட்டுவிடச் சொன்னான் சமீர். அந்தோணி பதறினார். “காலியா உட்டா ஊர்ல என்னைய எவன் பெயிண்டருன்னு சொல்லுவான்?” பதற்றம் மன்றத்துக்கும் தொற்றியது. காலியான சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்கள் நாட்டில் யாரும் பழகவில்லை. படிப்பகத்தில் அவசரக் கூட்டம் கூடினோம். போஜன் இரண்டு கைகள் குலுக்குவதாகப் போடலாம் என்றார். புறா ஒன்று பறந்து வந்தது. ஆலிவ் கிளையும் தேயிலைக் கொழுந்தும் பின்னிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். நான் இந்தச் சந்தர்ப்பத்துக்கென்றே எழுதிப் பையில் வைத்திருந்த எட்டு வரிக் கவிதையை வாசித்தேன். பூனை எழுந்து போனது.

சமீர் எழுந்து நின்றான். “தெரியாததைப் போடாதீங்கண்ணா. நீங்க ஒரு புறா போட்டா, பத்து வருசம் கழிச்சு எங்க ஊர்ல அந்த எடத்துல புறா இருந்துச்சுன்னுதான் எனக்கு ஞாபகம் வரும். எனக்கு இருக்கறது இது ஒண்ணுதானுங்க. அதுல கலப்படம் வேண்டாமுங்க.”

அவன் உணர்வை மதித்து அந்த மூலையில் படம் எதுவும் போடுவதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். எழுத்து மட்டும் போடலாம். எழுத்து படம் ஆகாதல்லவா?

பெயிண்ட் கொடுத்தவர் எங்கள் ஆபீஸ் மேனேஜர் ராமநாதன். திறப்பாளரும் அவர்தான். அவர் பெயர் போட வேண்டியிருந்தது. திறப்பாளர் பெயர் இருந்து தலைவர் பெயர் இல்லாவிட்டால் தலைவருக்கு மரியாதையில்லை. தலைவர் பெயர் இருந்தால் செயலாளர் பெயர் இல்லாமல் எப்படி? விழாவன்று காலையில் அந்தோணி நிழல் கொடுத்து எழுதி முடித்தார். அவருக்குப் பிடித்த வேலை. கண்ணீர் அஞ்சலித் தட்டி மாதிரியே இருந்தது.

சமீர் பார்த்துவிட்டு, “உங்க சுவருங்கண்ணா,” என்று மட்டும் சொன்னான். உண்மையில் அது செல்லையாவின் சுவர்.

தண்ணீர் வந்தது

மேனேஜர் காரில் வந்து இறங்கினார். திரையை விலக்கினார். தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்து நிமிர்ந்தார். பாலஸ்தீன மக்களின் துயரம் சொல்லொணாதது என்று தொடங்கியவர், சொல்லொணாததை விட்டுவிட்டு ஏலத்தில் டஸ்ட் ரகத்துக்கு விலை சரிவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். போட்டோ ஸ்டூடியோக்காரர் முக்காலி காமிராவை நடுரோட்டில் நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தார்.

அப்போது குழாய் உஸ்ஸென்றது. ஒருமுறை இருமியது. தண்ணீர் கொட்டியது.

“தள்ளுங்க! தள்ளுங்க!”

கொல்லைப்பக்கமிருந்து புஷ்பம் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார். தார் டிரம் கூட்டத்துக்குள் உருண்டு வந்தால் கொள்கை வேறுபாடு இல்லாமல் எல்லோரும் விலகுவார்கள். மேனேஜர் மைக்கோடு விலகினார். டிரம் மூலைக்குப் போய்க் குழாயின் கீழே எழுந்து நின்றது. சுவரில் இருந்த திறப்பாளர், தலைவர், செயலாளர் மூவரும் அதன் பின்னால் போனோம்.

நான் ஓடினேன். “அக்கா, ஒரு பத்து நிமிசம் பொறுங்க.”

“தண்ணி ஒங்க மானேசருக்காக நிக்குமா? படம் முடிஞ்சதா இல்லையா?”

“முடிஞ்சது...”

“அப்பப் பேச்சும் முடிஞ்சது.”

நானும் போஜனும் டிரம்மின் இரண்டு பக்கமும் கை வைத்தோம். அதற்குள் சமீர் ஓடிவந்து நடுவில் நின்றுகொண்டான். “எடுக்காதீங்க! அண்ணா, எடுக்காதீங்க!”

எங்களை விலக்கிவிட்டுப் பின்னோக்கி நடந்து காமிரா இருந்த இடத்துக்குப் போனான். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. அவன் கேட்கவில்லை. சின்னப் பிள்ளை உயரத்துக்கு முழங்காலை மடித்துக் குனிந்து சுவரைப் பார்த்தான். டிரம்மில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“இப்பத்தானுங்க சரியா இருக்கு,” என்றான். குரல் சரியாக இல்லை.

போட்டோ அப்படியே எடுக்கப்பட்டது. கிராமம், கவாத்துப் பண்ணிய ஆலிவ் மரங்கள், டிரம், குடத்தோடு புஷ்பத்தின் ஒரு கை. மேனேஜரின் அரைத் தோள் ஓரத்தில் விழுந்திருந்தது. அடுத்த தீபாவளிக்கு நான் கேட்ட லீவு கிடைக்காததற்கும் அந்த அரைத் தோளுக்கும் சம்பந்தமில்லை என்றே ஆபீஸில் சொன்னார்கள்.

பின்னால் இருந்தவர்கள்

குவைத்துக்குப் போகிற வாரம் சமீர் மலையேறி வந்தான். கடையில் எல்லோரும் இருந்தோம். அந்தோணி பக்கத்துச் சிற்றாலயத்துக்கு வர்ணம் அடிக்க வந்தவர், தூரிகையோடு வந்து உட்கார்ந்தார்.

போட்டோவைக் கொண்டுபோன நண்பன் திரும்பியிருந்தான். அப்பாவிடம் கொடுத்திருக்கிறான்.

“என்ன சொன்னாருப்பா?” என்றார் போஜன்.

“ரொம்ப நேரம் படிக்கட்டுமேல விரல் வெச்சுட்டே இருந்தாராம். அப்புறம் மரத்தைப் பாத்து, ஆடு மேஞ்சிருச்சான்னு கேட்டாராம்.”

அந்தோணி கூரையைப் பார்த்தார்.

“அப்புறம் டிரம்மைப் பாத்துச் சிரிச்சாராம். ‘இவங்களும் கமிட்டி பேரை அந்த மூலைலதான் எழுதுனாங்களா’ன்னு கேட்டாராமுங்க.”

எங்களுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. முகாமிலும் ஒரு கமிட்டி இருந்திருக்கிறது. படம் வரைந்து முடித்ததும் அவர்களும் மூலையில் தங்கள் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எழுதிய அன்றைக்கே சந்துப் பெண்கள் அதன்மேல் தண்ணீர் டிரம்மை வைத்துவிட்டார்கள்.

செல்லையா டீயைச் சிந்திவிட்டுச் சிரித்தார். போஜன் மேஜையைத் தட்டினார். புஷ்பம் சிரித்த சிரிப்பில் எதிர்ச்சரிவில் கொழுந்து பறிப்பவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். “எந்த நாட்டுலயும் ஆம்பளைங்களுக்குப் பேர் எழுதத்தான் சுவரு. எங்களுக்குத்தான் தண்ணி!”

சமீரும் சிரித்தான். சிரித்து முடித்ததும் டம்ளரைக் கீழே வைத்தான்.

“அந்தப் பேரையெல்லாம் அப்பா சொல்லி அனுப்பியிருக்காருங்க. பெரும்பாலும் யாரும் இப்ப உசுரோட இல்லை. யாரை எங்க பொதைச்சாங்கன்னுகூடச் சிலருக்குத் தெரியாது. அவங்க பேரு எழுதி இருந்தது அந்த ஒரு எடந்தானுங்க.” டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தான். “நண்பர் மனப்பாடம் பண்ணிட்டு வந்தாருங்க. வர்ற வழியில ரெண்டு மூணு பேரு அவருக்கும் மறந்துபோச்சாம்.”

போஜன் தீர்மானம் போடவில்லை. எழுந்து வெளியே போனார். நாங்களும் போனோம். நான்கைந்து பேர் சேர்ந்து டிரம்மை நகர்த்தினோம்.

மூலையில் நாங்கள் மூவரும் ஈரத்தில் உப்பிப்போய் இருந்தோம். அந்தோணி வெள்ளையைத் தோய்த்து என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். திறப்பாளர், தலைவர், செயலாளர் வரிசையாகப் போனோம். என் பெயர் அச்சிலும் சுவரிலும் நிலைக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு எவ்வளவோ பாடுபட்டிருக்கிறேன். அழித்தபோது இவ்வளவு நிம்மதியாக இருந்தது அந்த ஒருமுறைதான்.

வெள்ளை காயக் கரி அடுப்பு வந்தது. சமீர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, வலமிருந்து இடமாக எழுத ஆரம்பித்தான். எங்களில் யாருக்கும் அந்த எழுத்து தெரியாது. ஒவ்வொரு பெயரையும் எழுதுமுன் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னான். அந்தோணி டப்பாவைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னதை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். ஜெபமாலை சொல்கிற ஆளுக்கு அது பழக்கம்.

குழாய் உஸ்ஸென்றது. இருமியது.

புஷ்பம் காலிக் குடத்தோடு வந்து நின்றார். தண்ணீர் கொட்டத் தொடங்கியது. டிரம் அந்தப்பக்கம் கிடந்தது.

சமீர் நிமிர்ந்து பார்த்து எழப்போனான். “இன்னும் ஒண்ணுதானுங்கக்கா. தாத்தா பேரு.”

“எழுதுங்க தம்பி,” என்றார் புஷ்பம். “அவசரமில்ல.”

தண்ணீர் சரிவில் இறங்கித் தேயிலைக்குள் போய்க்கொண்டிருந்தது. புஷ்பம் குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.